சௌடேஸ்வரி சுற்றிய மோட்டார்

பாளையம்பட்டியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருத்தி சௌடேஸ்வரி. தறி மோட்டார், கிணற்று மோட்டார் என்று இருபது வருடமாக அவள் கையில் உயிர் பெற்றவை எத்தனையோ. புருஷன் நாகேந்திரன், அவள் காயில் கட்டும் அதே ஷெட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவன்.

நான்கு வருடத்துக்கு முன்னால், கட்டி முடித்த மோட்டாரைக் கொடுக்கப் பரளச்சி கிராமத்துக்குப் போனவள், அங்கே ஒரு நிறைமாதக்காரி வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "நாலு பேரு உக்கார்ற மாதிரி பேட்டரி காரு ஒண்ணு செய்வோம். பாடிய நீங்க அடிங்க. மோட்டார நான் பாத்துக்கிறேன்."

பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்து, பேட்டரிக்குத் தகுந்தபடி சுற்றைக் குறைத்து, இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றி, ஓட்டிப் பார்த்தாள். எரிந்தது. பிரித்து மறுபடி கட்டினாள். மறுபடியும் எரிந்தது. நான்காவது தடவை, பத்தொன்பதாம் நாள், ஓடியது. மழையில் அரித்துப்போன மண்பாதையிலும் அந்தக் கார் சிணுங்காமல் போனது. பரளச்சியில் மட்டும் பதினோரு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பக்கம் வண்டி விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பெனியின் டீலர், அனுமதி இல்லாத வண்டி ரோட்டில் ஓடுகிறது என்று மனுப் போட்டார். அதிகாரிகள் வந்து காரை இழுத்துப்போய் ஓர் ஆபீஸ் வளாகத்தில் பூட்டினார்கள். சோதித்துப் பார்த்து அனுமதி கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து கோகுல் என்ற இயக்குநர் வந்தார். பெரிய கம்பெனிகளை எதிர்த்துக் கார் செய்யும் ஒரு சாமானியனின் கதையைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். நான்கு நாள் ஷெட்டில் உட்கார்ந்து நோட்டு நிறைய எழுதிக்கொண்டார். மோட்டார் ஏன் எரிந்தது, எப்படி ஓடியது என்று சௌடேஸ்வரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்றார் அவர்.

படம் வந்தது. அருப்புக்கோட்டைத் தியேட்டரில் காலைக் காட்சிக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள். பரளச்சியிலிருந்து, கார் கேட்டிருந்தவர்களில் ஒருவரான சோணைமுத்து ஒரு வேன் ஆளோடு வந்து இறங்கினார்.

திரையில் கதாநாயகன் கார் செய்தான். மோட்டார் எரிந்தது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பெண்டாட்டி என்ன செய்தாள்? காப்பி கொண்டுவந்து வைத்தாள். அழுதாள். அம்மன் கோயில் தரையில் மண்சோறு சாப்பிட்டாள். மறுநாள் விடிந்ததும் மோட்டார் ஓடியது. தியேட்டரே கைதட்டியது. பக்கத்தில் நாகேந்திரனும் தட்டினான்.

சௌடேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் வாழ்நாளில் மண்சோறு சாப்பிட்டதில்லை. போதாததற்கு, படத்தில் வில்லன் எங்கேயோ வெளிநாட்டுக் கம்பெனிக்காரன். கடைசியில் ஓடிய நன்றி அறிவிப்பில், அவள் காரைப் பூட்டவைத்த அதே டீலரின் பெயர் இருந்தது.

விளக்குப் போட்டதும் நாகேந்திரனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "சாதனையாளருக்குத் துணையா நின்ன அக்காவும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கோகுல் மைக்கை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். "தம்பி, நாலு நாளு நோட்டுல எழுதுனீகளே, அதுல மண்சோறுன்னு நான் எந்தப் பக்கத்துல சொன்னேன்?"

அவர் சிரித்து மழுப்பினார். "சினிமாவுக்குக் கொஞ்சம் எமோஷன் வேணும்லக்கா."

"பத்தொம்பது நாளு ஒருத்தி சோறு தண்ணி பாக்காமக் கம்பி சுத்துனது ஒங்களுக்கு எமோஷனாத் தெரியலையாக்கும்? அம்மன் வந்தா காயில் கட்டுச்சு? நான் கட்டுனேன். இந்தா, இந்த விரலு கட்டுச்சு. எங்க வண்டியப் பூட்ட வச்ச ஆளுக்கே நன்றி சொல்லிப் படம் எடுத்திருக்கீக. இதுல யாரத் தம்பி எதுத்தீக?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். வீட்டில் அவர்கள் தெலுங்குதான் பேசுவார்கள். கூடியிருந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்: "மோட்டாரு யாரு செஞ்சதுன்னு நீங்களாவது சொன்னீகளா?"

"அவுக... கேக்கல."

"கேக்கலேன்னா சொல்ல மாட்டீகளா?"

மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சோணைமுத்து எழுந்து வழிவிட்டார்.

நான்கு நாள் அவள் நாகேந்திரனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனே கோகுலுக்குப் போன் போட்டு, அவள் காதுபடப் பேசினான். "மோட்டாரு அவ செஞ்சது. நான் அப்பவே சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான். படத்துல போடுங்க." படத்தை விற்றாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. படம் இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது.

ஆனால் தியேட்டரில் அவள் பேசியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது ஊர் ஊராகச் சுற்றியது. மூன்று வருடமாக வராத சோதனைத் தேதி இரண்டே வாரத்தில் வந்தது.

காரை எடுக்கப் போனார்கள். டயர் நான்கும் மக்கியிருந்தது. சௌடேஸ்வரி மோட்டாரைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. செம்புக்காக எவனோ மொத்தத்தையும் உருவியிருந்தான்.

"பூட்டி வச்சிருந்தது நீங்க. சாவி ஒங்ககிட்ட. கம்பி எங்க?" என்று ஆபீஸர் மேசைக்கு எதிரே நின்று கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். மோட்டார் என்று எழுதியிருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். கம்பி இல்லை என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டாள்.

சோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்றைக்கே ஷெட்டில் உட்கார்ந்து புதுக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். வெல்டிங் வேலையை ஓரம் கட்டிவிட்டு நாகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சுற்றை எண்ணினான். இடையில் ஒரு எண்ணிக்கை தப்பியது. அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவ்வளவையும் பிரித்து, ஒன்றிலிருந்து தொடங்கினாள்.