ரெண்டு வண்டி அம்முணி

டயரு மேல ஒக்காந்தா டீ கெடையாது. ராமாயி அக்கா டீக்கேனைத் தூக்கிட்டுப் பட்டறைக்குள்ள வர்றப்பவே, வித்யா அம்முணி பழைய டயரு அத்தனையும் செவுத்தோரமா உருட்டி உட்டுச் சங்கிலி போட்டுக் கட்டிப்புடும். "நின்னுட்டே குடிங்ண்ணா, நின்னுட்டே பேசுங்க. டீ ஆறுறதுக்குள்ள பேச்சு முடியோணும்." ஒக்காந்தம்னா நாங்க எலக்சன்ல ஆரம்பிச்சு, கரண்டு பில்லுல பூந்து, மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிப்போம்னு அதுக்கு நெம்ப நல்லாத் தெரியும்.

இது நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறைங்க. சேசிஸ் மொட்டையா வரும். கேபினு, சைடு, பின்கதவுன்னு எல்லாத்தையும் கட்டி, கடைசியா நான் பெயிண்டு அடிச்சு அனுப்புவோம். மொதலாளி வெங்கடாசலம் ஐயா. அவரு மருமவதான் வித்யா. பெங்களூரு சாப்ட்வேர் கம்பெனி ஒண்ணுக்கு இங்க நம்ம பட்டறை ஆபீசுல இருந்தே வேலை பாக்குது, கூடவே எங்களையும் மேய்க்குது. ஆளு ஒல்லி. எங்க கம்ப்ரசர் காத்தைத் தொறந்து உட்டா பறந்து போயி ராசிபுரம் தாண்டித்தான் எறங்கும். பேசறப்ப ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு கொக்காட்ட நிக்கும். காதுல ஸ்கெட்ச் பேனா சொருகியிருக்கும். அதை மறந்துட்டு பேனாவைக் காணமுன்னு பட்டறை பூராத் தேடும். நாங்களும் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் பொழுது போகோணுமுல்ல?

டீ கைக்கு வந்ததும் மூணு கேள்வி வரும். "நேத்து என்னங்ண்ணா முடிஞ்சுது? இன்னைக்கு என்ன முடியும்? குறுக்க நிக்கறது என்ன?"

மொத நாளு வெல்டர் குருமூர்த்தியக் கேட்டுச்சு. அவன் நக்கலு புடிச்ச ஆளு. "எங்கூட்டுக்காரிதானுங்க குறுக்க நிக்கறா"ன்னான். நாங்க சிரிச்ச சிரிப்புல தகரக் கூரையில இருந்த புறாவெல்லாம் சேலத்துக்குக் குடிபோயிருச்சு. அம்முணி சிரிக்கல. மஞ்சச் சீட்டுல 'குருமூர்த்தி, ஊட்டுக்காரி'ன்னு எழுதிப் பலகையில மாட்டிப்புடுச்சு.

பலகைன்னா மரப் பலகை இல்லீங்க. கழட்டிப் போட்ட பழைய லாரியோட பின்கதவு. அதைச் செவுத்துல தொங்க உட்டு, சாக்பீஸ்ல மூணு கட்டம் போட்டிருக்குது. கை வெக்கல, கை வெச்சாச்சு, கை கழுவியாச்சு. வண்டிக்கு ஒரு சீட்டு, சீட்டு நிக்கறதுக்கு ஒரு காந்தம். வேலைய முடிச்சவன் எவனோ அவனேதான் சீட்டை நவுத்தோணும். அடுத்தவன் தொடக்கூடாது.

அன்னைக்கு மத்தியானம் சோத்துப் போசியோட குருமூர்த்தி சம்சாரம் சித்ரா வந்துச்சு. பலகையப் படிச்சுது. நாங்க ஆளாளுக்கு வண்டிக்கடியில பூந்துட்டோம். குருமூர்த்தி வெல்டிங் மொகமூடியப் போட்டுக்கிட்டான், கழட்டவே இல்ல.

"ஏனுங்க அம்முணி, நானா குறுக்க நிக்கறேன்? இந்த மனுசன் விடிய விடிய இங்க வெல்டிங் வெச்சுட்டு, கோழி கூவறப்ப ஊட்டுக்கு வாராரு. அப்பறம் காலையில எழுப்புனா பொணமாட்ட கெடக்கறாரு. அதுக்கும் நாந்தான் காரணமுங்களா?"

"நீங்க சொல்றதுதானுங்கக்கா சரி." அம்முணி காதுல இருந்த பேனாவ அன்னைக்கு மட்டும் டக்குனு எடுத்துச்சு. 'ஊட்டுக்காரி'ய அடிச்சுட்டு 'ராத்திரி வேலை'ன்னு எழுதுச்சு. அன்னையிலிருந்து, ஏன் ராத்திரி வேலை வருதுன்னு தோண்ட ஆரம்பிச்சுது பாருங்க. போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியெல்லாம் தோத்துது.

தோண்டுனதுல வந்தது எங்க தொழில் பழக்கம். புது சேசிஸ் உள்ள வந்த ஒடனே ரெண்டு ஆங்கிளை வெச்சுப் பத்த வெச்சுருவோம். பொறி பறக்கறதைப் பாத்தா லாரிக்காரரு மனசு குளுந்து போயிருவாரு. வேற பட்டறைக்கும் போக மாட்டாரு. கை வெச்சுட்டா வண்டி நம்மளுது. இப்புடியே எல்லா வண்டியிலயும் கை வெச்சு, பட்டறை பூரா ஒத்தக் கை சட்டை போட்ட மாதிரி லாரிங்க நிக்கும். எந்த ஓனரு வந்து சத்தம் போடறாரோ அவரு வண்டிக்கு ஓடுவோம். அடுத்தவரு வந்தா அங்க ஓடுவோம். கடைசியில எல்லா வண்டியும் ஒண்ணாச் சேந்து பெயிண்டர் தலையில வந்து உழுகும். பள்ளம் மூட அப்புன பட்டி காஞ்சிருக்காது. அது மேல பெயிண்டு. அதுவும் காயாது. பரமத்தியில இருந்து பள்ளிபாளையம் வரைக்கும் பாதி லாரிக்காரங்க முதுகுல எங்க பட்டறைப் பச்சை இருக்கும். பேரு கெட்டது ஆருக்கு? எனக்கு.

"புதுசைத் தொடறதுக்கு முன்னால தொட்டதை முடிக்கோணும். எங்க கம்பெனியில இதுக்கு அஜைலுன்னு பேருங்ண்ணா"ன்னு சொல்லுச்சு. டிங்கர் சென்றாயன், "கோழிக்குப் போடற ஊசிங்களா?"ன்னான். அம்முணி 'கை வெச்சாச்சு' கட்டத்துல இருந்த காந்தத்தையெல்லாம் புடுங்கிட்டு ரெண்டே ரெண்டை உட்டுச்சு. ரெண்டு வண்டிக்கு மேல கை வெக்கப்படாது. அதுல இருந்து ரெண்டு வண்டி அம்முணின்னே பேராயிருச்சு.

எங்களை உட்டதும் ஆபீசு ரூமுக்குள்ள லேப்டாப்பத் தொறந்து பெங்களூர்க்காரங்களையும் இதே மூணு கேள்வி கேக்கும். ஜன்னலோரமா நின்னு கேட்டோம். அத்தனை படிச்சவிங்களுக்கும் தெனமும் என்னமோ ஒண்ணு குறுக்க நின்னுட்டுத்தான் இருக்குது. எங்களுக்கு அப்பத்தான் மனசு நெறஞ்சுது.

சனிக்கெழமையானா வேற கூத்து. வாரம் எப்புடிப் போச்சுன்னு ஆளுக்கொண்ணு சொல்லோணும். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, "பெயிண்டு லேட்டு"ம்பாங்க. அம்முணி, "ஆரு லேட்டுன்னு நான் கேக்கலீங்ண்ணா. வண்டி எங்க நின்னுச்சு?"ன்னு கேக்கும். எத்தனையோ வருசமா என்னையே கைகாட்டுன வெரலெல்லாம் அப்பத்தான் மடங்குச்சு. நான் டீக்கிளாஸுக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டேன். புகை கண்ணுல பட்டுருச்சுன்னு வெச்சுக்கங்க.

ஆனிக் கடைசியில பள்ளிபாளையத்துல இருந்து சென்னிமலைங்கறவரு வண்டி 'கை வெச்சாச்சு' கட்டத்துக்குள்ள வந்துச்சு. பாதி ஆயுசு அடுத்தவங்க லாரிய ஓட்டுன மனுசன். இதுதான் சொந்தமா மொத வண்டி. ஆடிப்பெருக்குக்கு மறுநாளு பேப்பர் லோடுக்கு வந்து நிக்கோணும், நிக்கலீனா வேற வண்டிய வெச்சுக்குவோம்னு பேப்பர் மில்லுக்காரங்க சொல்லிட்டாங்களாம். தெனமும் வந்து மாப்பிள்ளை பாக்க வந்தவராட்ட ஓரமா நிப்பாரு.

அப்பப் பாத்து, வரிசையா வண்டி வெச்சிருக்கற பெரிய ஓனரு ஒருத்தரு புது சேசிஸோட உள்ள வந்தாரு. மொதலாளி ஐயாவுக்கு வாயெல்லாம் பல்லு. "குருமூர்த்தி, ரெண்டு ஆங்கிளைப் பத்த வெச்சுரு"ன்னாரு.

அம்முணி வந்து நின்னுச்சு. கொக்காட்ட இல்ல, ரெண்டு காலையும் ஊனி நின்னுச்சு. சீட்டுல அந்த ஓனரு பேர எழுதி மாமனாரு கையில குடுத்துச்சு.

"கை வெக்கறதுன்னா வெக்கலாங்க மாமா. ரெண்டு காந்தந்தான் இருக்குது. ஒண்ணைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. எதைக் கழட்டறீங்க?"

ஒண்ணு முடியப்போற வண்டி. இன்னொண்ணு சென்னிமலை வண்டி. அவரு பலகைக்குக் கீழயே நிக்கறாரு, தோள்ல கெடந்த துண்டு கைக்கு வந்துருச்சு. ஐயா கை காந்தம் வரைக்கும் போச்சு. அங்கயே நின்னுச்சு. அப்பறம் சீட்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "ஆடி முடியட்டுங்க, கை வெச்சா ஒரே மூச்சுல முடிச்சுத் தாரேன்"னாரு. பெரிய ஓனரு, "நீங்க மெதுவாக் கட்டுங்க"ன்னு சேசிஸை வெளிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

போனதும் ஐயா பலகையப் பாத்துச் சொன்னாரு: "இந்த வண்டி மட்டும் சொன்ன நாளுக்குப் போகல, இந்தக் கதவை எடைக்குப் போட்டுருவேன் அம்முணி." அதுக்கப்பறம் மருமவகிட்டப் பேச்சே இல்ல. ஊட்டுல ரசம் வேணுமுன்னாக்கூட செவுத்தப் பாத்துத்தான் கேப்பாராம்.

வெல்டிங் முடிஞ்சுது. டிங்கரிங் முடிஞ்சுது. பட்டி நல்ல வெயில்ல காஞ்சுது. என் முறை வந்துச்சு. "பெயிண்டரண்ணா, குறுக்க என்ன?"ன்னு கேட்டுச்சு. "ஆடிக்காத்துங்க, புழுதியக் கொண்டாந்து அப்புது, அதையும் சீட்டுல எழுதிக்கங்க"ன்னு நக்கலாத்தான் சொன்னேன். எழுதிப்புடுச்சு! வெல்டரு, டிங்கரு, ராமாயி அக்கா வரைக்கும் வந்து தார்ப்பாயைக் கட்டி, எனக்குன்னு ஒரு கல்யாணப் பந்தலே போட்டுட்டாங்க. ஸ்ப்ரே கன்னு புடிச்ச நாள்ல இருந்து எனக்கு என்ன எடைஞ்சலுன்னு கேட்டவிங்க ஆரும் இல்லீங்க. பகல் வெளிச்சத்துல அடிச்சேன். அவசரமில்லாம ரெண்டாங் கோட்டும் அடிச்சேன்.

ஆடிப்பெருக்கு அன்னைக்குக் காலையில வண்டிய வெளிய நிறுத்துனோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. சென்னிமலை சம்சாரத்தோட நிக்கறாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டாரு, எங்க பட்டறைப் பச்சையோட பெருமை அவருக்கும் தெரியுமே. ஐயாவும் தள்ளியே நின்னாரு. "ஆரும் தொட்டுறாதீங்கப்பா, ஈரம்"னு பழக்கத்துல கத்துனாரு.

வித்யா அம்முணி நேரா வண்டிகிட்டப் போச்சு. பச்சைக் கதவுல உள்ளங்கைய வெச்சு, நல்லா ஊனி அமுத்துச்சு. எடுத்துச்சு. மாமனாரு பக்கமாத் திரும்பி, அஞ்சு வெரலையும் விரிச்சு, பொட்டுப் பச்சை ஒட்டாத கையக் காட்டுச்சு.