திங்கட்கிழமை ஓட்டு

மலேசியாவின் லாபிஸ் ஊரில் அக்காவும் தோழியரும் நடத்திய தையல் கூட்டுறவின் துணைவிதிப்படி, மேலாளரை நியமிக்கவும் நீக்கவும் உறுப்பினர் கூட்டத்துக்கே அதிகாரம் உண்டு. தைப்பவர்களே உறுப்பினர்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. விதியை எழுதித் தந்தவன் நான். ஓய்வுபெறும்வரை அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன்.

அக்கா பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் பிறந்தார். அம்மா இறந்ததும் பள்ளியை விட்டுச் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். அங்கே கழிப்பறைக்குப் போகக்கூடக் கை உயர்த்தி அனுமதி கேட்க வேண்டும். தொழிற்சாலை மூடப்பட்டபோது, அதன் பழைய இயந்திரங்களைத் தோழியரோடு சேர்ந்து வாங்கினார். யார் எதைத் தைப்பது, எப்போது வீடு போவது எல்லாம் திங்கட்கிழமை காலையில் ஓட்டெடுத்து முடிவாகும்.

பின்னர் கூட்டுறவுச் சங்கத் தலைவர், யாரையும் கேட்காமல், தம் மருமகன் குமாரை மேலாளராக்கினார்.

“ஆன்ட்டி, டாய்லெட் போணும்னா கை தூக்கிக் கேட்டுட்டுப் போங்க” என்றார் குமார், வந்த அன்றே.

“அலமாக்! இங்க கை தூக்குறது ஓட்டுப் போட மட்டும்தான் தம்பி. ஒனக்கு யாரு போட்டா?” என்றார் அக்கா.

தலைவர் கூட்டம் கூட்ட மறுத்தார். அப்படி மறுத்தால் கூட்டுறவுத் துறை மேலலுவலகத்தின் அனுமதியோடு உறுப்பினர்களே கூட்டலாம். அந்த அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல்கள் எழுதினேன்.

“நீ எழுதிக்கிட்டே இரு. நாங்க தைச்சிக்கிட்டே இருக்கோம்” என்றார் அக்கா.

அதன்பிறகு குமாரின் உத்தரவுகளை யாரும் மறுக்கவில்லை, யாரும் பின்பற்றவுமில்லை. சும்மா உட்கார்ந்து அலுத்தவர் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அடுத்த திங்களன்று, அந்த வேலையை அவருக்கே கொடுக்கலாமா என்று ஓட்டெடுத்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன; கடைசியாகக் குமாருடையதும்.

“ஒனக்கு ஓட்டு இல்லலா” என்ற அக்கா, அதையும் சேர்த்தே எண்ணினார்.

ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. “இவன் திருந்திட்டான். நாளைக்கி இன்னொரு மருமவன் வந்தா? கூட்டம் போட்டு நாங்களே ஆளு வச்சாத்தான் அது நிக்கும்.”

சிறுநீரகம் செயலிழந்து படுத்த பிறகும், நான் போகும்போதெல்லாம், “பதில் வந்திச்சா?” என்பதே முதல் கேள்வி. இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. அக்காவுக்குக் கடைசிவரை பழகவில்லை.

மருத்துவமனைத் தாதியருக்கும், இரத்தச் சுத்திகரிப்புக்குத் தவறாமல் வேனில் அழைத்துச் சென்ற குமாருக்கும், முறைவைத்து உடனிருந்த தோழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த முறையும் ஓட்டெடுத்து வகுத்ததுதான். கூட்டம் கூட்ட அனுமதித்த அலுவலகத்துக்கும் நன்றி. அனுமதி வந்து சேர்ந்தது அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று.