ஐந்தாவது பாரம் இல்லாத நாவல்

பைண்டர் தான் எழுதிய நாவலிலிருந்து ஒருத்தியைக் கிழித்தெடுத்துவிட்டு அம்மாவுக்குப் படிக்கக் கொடுத்தாராம். அச்சகத்துக்கு எதிர் டீக்கடையில் இதுதான் பேச்சு. நாற்பது தாண்டிய ஆண்பிள்ளை பெற்றவளுக்கு இவ்வளவு நடுங்குவானா, பொய்யாகத்தான் இருக்கும் என்று விசாரிக்கப் போனேன். பொய்தான். உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது.

முதலில் வீடு. பைண்டர் நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து அவர் கால் நகத்தை வெட்டி, துண்டுகளைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதே கையோடு ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தாள், மென்று பார்த்தாள், மிச்சத்தை மகன் வாயில் வைத்தாள்.

"புளிச்சா இவனுக்குப் பல்லு கூசும் தம்பி. உங்களுக்கும் ஒண்ணு கடிச்சுத் தரட்டா?"

"வேணாம்மா, இப்பத்தான் சாப்ட்டேன்."

நாவல் அவருடைய சொந்தக் கதை. குடிகார அப்பாவிடமிருந்து அம்மாவைக் காப்பாற்றும் மகன். உலகத்திடமிருந்து மகனைக் காப்பாற்றும் அம்மா. நடுவில் ஒருத்தி. பைண்டிங் அறையில் பக்கத்து மேசையில் தையல் போடுகிறவள். கல்யாணப் பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கும். பேச்சு நின்றால் வலியும் நிற்கும். வருடங்கள் இப்படியே ஓடின.

"அந்தச் சிறுக்கி புஸ்தகத்துலயும் இருந்தா. எடுடான்னேன், ஒரே நாள்ல எடுத்துட்டான். தங்கம்!"

தங்கம் ஆப்பிளை மென்றுகொண்டு வெட்கப்பட்டார்.

"படிச்சீங்களாம்மா?"

"ரெண்டு தடவ. ஒரு குறை சொல்ல முடியாது."

குறை இருக்கிறது. பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்குப் பாரம் என்று பெயர். ஒருத்தியை மட்டும் உருவ முடியாது, பாரத்தோடுதான் எடுக்க வேண்டும். அவள் வருவது ஐந்தாவது பாரத்தில் மட்டும். பைண்டர் அதை எடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில்தான் அப்பா செத்துப்போகிறார். ஆகவே அம்மா படித்த நாவலில் அப்பா குடை வாங்க வெளியே போகிறார், அப்புறம் ஆளையே காணோம். இரண்டு தடவை படித்தும், கட்டின புருஷன் எங்கே போனான் என்று அந்த அம்மாள் தேடவில்லை.

அங்கிருந்து பைண்டிங் அறைக்குப் போனேன். பசை காய்ச்சும் வாடை அன்றைக்கு எனக்குச் சந்தனம் போல இருந்தது. தையல் போடுகிறவளிடம் கேட்டேன்.

"அம்மாவோட காப்பியில மட்டும்தானே எடுத்தாரு?"

"யாரு சொன்னா? எல்லாத்துலயும். அம்மா வேற எங்கயாவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு பயம். தச்சதே நான்தான். நாலுக்கு அப்பறம் ஆறு வந்துச்சு. அஞ்சு எங்கன்னேன். கோச்சுக்காத, உனக்கு மட்டும் முழுசா ஒண்ணு கட்டித் தரேன்னாரு."

"அதுக்கப்புறமும் தச்சீங்களா?"

"கூலி வேலை சார். எடுத்தது வேற பொம்பளையா இருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"சரி, அந்த அஞ்சாவது பாரம்?"

ஒரு பிரதியை எடுத்துப் பின்பக்கமாக அழுத்தினாள். முதுகு பிளந்தது. பைண்டர்கள் கழிவுத் தாளை வீணாக்க மாட்டார்கள். கிழித்து, பசை தடவி, முதுகுக்குள் ஒட்டுவார்கள். கைப்பழக்கம். இவர் தன் ஒரே காதலையும் அப்படியே கிழித்து ஒட்டியிருந்தார். பசைக்கு அடியில் அரை வரி தெரிந்தது: 'அவள் கையைப் பிடித்துக்கொண்டு'. அம்மா தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பிரதிக்கும் இவள்தான் முதுகு.

"கடைசித் தாள் வரைக்கும் ஒட்டிட்டாரு. எனக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வைக்கக்கூடத் தோணல சார்."

அந்த நேரம் பார்த்து டப்பாவோடு பைண்டர் வந்தார்.

"இவங்களுக்கு ஒரு முழு காப்பி தரணுமாமே?" என்றேன்.

"தரணும் சார். கண்டிப்பா தரணும். அந்தப் பாரத்தை மறுபடி அச்சடிக்கணும். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

டப்பாவைத் திறந்தார். ஆப்பிள் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பல் பட்ட தடம். அதில் ஒன்றைப் பெருந்தன்மையாக அவளிடம் நீட்டினார்.

அவள் நிமிரவில்லை. ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அதை நீங்களே தின்னுங்க. எனக்கு ஒரு காப்பி பாக்கி."

நேற்றும் போய்க் கேட்டேன். பாக்கி அப்படியே இருக்கிறது.