அம்மாவின் கால் பெருவிரலும் அறுநூறு கிலோவும்

விமானம் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை. அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எத்தினை பேர் ஏறலாம்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கு ஒரு பிளேனோ?" என்றுவிட்டுச் சத்தத்தைப் பழையபடி கூட்டினார். அஜின்கோர்ட் என்ற எங்கள் புறநகரில், எங்கள் தெருவில், ஏழு பேர் ஏறும் வான் வண்டியில் தன்னந்தனியாக வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களிடம் அம்மா இதுவரை எதுவும் கேட்டதில்லை.

நான் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். அளவு கருவிகளை நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். சிறு விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பயிற்சிப் பள்ளியின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, எனக்கு முன் பறந்தவர் விட்டுப்போன கோப்பிக் கோப்பையோடு பறந்து பறந்து அலுத்துவிட்டது. ஆகவே, பண்பட்ட மனிதர்கள் செய்வதுபோல், ஓர் அட்டவணை தொடங்கினேன்.

அதில் பதினெட்டு நிரல்கள். வெற்று எடை, எரிபொருள் தாங்கியின் கொள்ளளவு, புல் ஓடுபாதையில் எழும்பத் தேவைப்படும் தூரம், உதிரிப்பாகம் வந்துசேர எடுக்கும் நாட்கள் என்று போய், கடைசி நிரல் "அழகு." அதற்கு நூற்றுக்கு ஐந்து புள்ளி மட்டும் ஒதுக்கியிருந்தேன். விளம்பரத்தில் அந்த நீல நிற விமானத்தைப் பார்த்த அன்று அது பதினைந்தாக ஏறியிருந்தது. எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியாது. ஓர் அட்டவணை சுயமாகச் சிந்திக்கத் தொடங்கும்போது நாம் குறுக்கே நிற்கக் கூடாது.

எஞ்சினைத் தெரிவு செய்ய ஆலோசகர் ஒருவர் தாமாகவே முன்வந்தார். என் மாமா. வோபர்னில் கராஜ் வைத்திருக்கிறார். மூன்று வழிகள் இருந்தன. பழைய பாணிக் காற்றில் குளிரும் எஞ்சின்: பாரம், ஆனால் எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். தண்ணீரில் குளிரும் புது எஞ்சின்: பாரம் குறைவு, காருக்கு ஊற்றும் பெற்றோலிலேயே ஓடும், ஆனால் மிக வேகமாகச் சுழலும், அந்த வேகத்தைப் பற்சக்கரம் வைத்துக் குறைத்துத்தான் முன்விசிறியைச் சுற்றும். மூன்றாவது, கார் எஞ்சினை மாற்றிப் பூட்டுவது.

"நிமிசத்துக்கு ஐயாயிரம் சுத்துச் சுத்தினா அது எஞ்சினோ, கிரைண்டரோ?" என்றார் மாமா. "நான் சொல்லுறன் மருமோள், ஜப்பான் கார் எஞ்சினைப் போடு. மூண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடின கார் என்ர கராஜுக்கு வருது. எஞ்சின் பிடிச்சு நிண்டதா ஒண்டையும் நான் காணேல்ல."

"நிண்டாலும் பரவாயில்லை மாமா, அது ரோட்டில நிக்கும்."

மாமா யோசித்தார். "ஓம், அதுவும் ஒரு கதைதான்" என்றார். எஞ்சின் விவகாரம் இப்படி விஞ்ஞானபூர்வமாக முடிந்தது. பாரம் குறைந்த இரண்டாவது எஞ்சினையே தெரிவு செய்தேன். அந்த நீல விமானத்திலும் அதே எஞ்சின்தான் பூட்டியிருந்தது என்பது தற்செயல்.

மிஞ்சியது ஒரே ஒரு கட்டம். "பயணி: ___ கிலோ."

அந்த இரண்டாவது இருக்கை அம்மாவுக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அட்டவணையில் ஆசைக்கு நிரல் கிடையாது. அம்மா இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடங்கள். இந்த நகரத்தையும் அதன் ஏரியையும் மேலிருந்து அவர் பார்த்ததெல்லாம் கொழும்புக்குப் போகும்போது, நடு இருக்கையிலிருந்து, பக்கத்து இருக்கைக்காரரின் தோளுக்கு மேலால். ஒரு தடவையாவது யன்னலோரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவரோ, "நான் செத்தாலும் உதில ஏற மாட்டன்" என்று தெளிவாக அறிவித்திருந்தார். அறிவித்த பிறகு, வாரத்துக்கு ஒருமுறை, "வாங்கிட்டியோ?" என்றும் கேட்டுவந்தார்.

சிறு விமானத்தில் எடை என்பது விளையாட்டல்ல. நான் பார்த்தவற்றுக்கு எல்லை அறுநூறு கிலோ. விமானம், ஆட்கள், எரிபொருள், பை எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் போனால் ஓடுபாதை முடியும் இடத்தில் மரங்கள் நிற்கும், நாம் இன்னும் தரையில் நிற்போம். ஆகவே அம்மாவை எடைத் தராசில் ஏறச் சொன்னேன். குளியலறைக்குப் பக்கத்து அறைக்குள் தராசைக் கொண்டுபோய், கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஏறினார். அறுபத்திரண்டு. கதவு இடுக்கால் பார்த்தேன். ஒரு கை வோஷிங் மெஷினின் மேல் ஊன்றியிருந்தது.

இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. எங்கள் அம்மா இந்தக் கலையில் கரைகண்டவர். கொழும்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு, அப்பாவியாக அதை அணைத்தபடி நிற்பார். அவருடைய சப்பாத்தின் முனையும் அதற்குள் இருக்கும் கால் பெருவிரலும் பெட்டியின் அடியில் இருக்கும். இருபத்தேழு கிலோ இருபத்துமூன்றாகும். ஒரே ஒரு தடவைதான் பிடிபட்டார். கவுண்டரில் நின்ற பெண் குனிந்து பார்த்து, "மேடம், ஸ்டெப் பாக் பிளீஸ்" என்றாள். அந்த அவமானத்தை அம்மா விமானம் தரையிறங்கும் வரை மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றிலும் குற்றவாளி அந்தப் பெண்தான்.

அறுபத்திரண்டு என்றே எழுதிக்கொண்டேன். நீல விமானத்தின் பத்திரங்களில் வெற்று எடை முந்நூற்று எழுபத்திரண்டு. நான் ஐம்பத்தெட்டு. நிரம்பிய தாங்கி எழுபத்திரண்டு. பைக்குப் பதினைந்து. மொத்தம் ஐந்நூற்று எழுபத்தொன்பது. அழகாகப் பொருந்தியது. அளவு கருவிகளை நம்பாதவள் என்று மேலே சொன்னது நான்தான்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. வாங்கும் முன் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று விற்பவருக்கு எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். தன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை யாரோ சந்தேகித்ததுபோல் பதில் எழுதினார், இருந்தும் சம்மதித்தார். மாமாவிடம் பந்தயக் கார்களை நிறுக்கும் நான்கு எடைத் தட்டுகள் இருந்தன. ஒரு சனிக்கிழமை அவற்றை மாமாவின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த அந்தச் சின்ன விமானத் திடலுக்குப் போனோம். "சும்மா காத்து வாங்க" அம்மாவும் வந்தார். காற்று வாங்கப் புறப்பட்டவர் மடியில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள்.

விமானம் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. தோல் இருக்கைகள். இரண்டு பெரிய திரைகள். தரையில் கம்பளம். என் அட்டவணை இருபது புள்ளி என்றது.

காற்று இறக்கையைத் தூக்கிவிடும் என்பதால் விமானம் நின்ற கொட்டகையின் கதவைச் சாத்தினோம். மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று தட்டுகள். நாலாவது சுவரோரம் சும்மா கிடந்தது. தாங்கியில் இருந்த பெற்றோலைக் கழித்து, மாமா மூன்றையும் கூட்டினார்.

"முந்நூற்று எண்பது."

பத்திரத்தைவிட எட்டு கிலோ கூட. புதிதாகப் பெயின்ற் அடித்ததால் இருக்கும் என்றார் விற்க வந்த பல் வைத்தியர், ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு. அவர் இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியின் கீழே நின்றிருந்தார். விமானம் அசையாமல் இருக்கப் பிடித்துக்கொள்கிறாராம். எட்டு கிலோதானே என்று நான் எழுதப் போனேன்.

அம்மா என் முழங்கையில் இடித்தார்.

"பிள்ளை, அந்த மனிசன் ஏன் முழங்காலை மடிச்சு நிக்கிறார்?"

"பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் அம்மா."

"பிடிக்கிற ஆள் கையால எல்லோ பிடிப்பார். உவர் தோளைக் குடுத்து நிக்கிறார். முகத்தைப் பார், மூச்சுப் பிடிக்கிறார். எனக்குத் தெரியாதோ உந்த வேலை?"

நான் பார்த்தேன். தோள் கம்பியின் அடியில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நான் படித்த அத்தனை ஆண்டுகளிலும் யாரும் கற்பிக்காத ஒன்றை, பெட்டியடியில் பெருவிரல் வைத்துப் பழகிய ஒருவர் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

அம்மா இரண்டடி முன்னே போய், கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, விமான நிலையக் கவுண்டரின் முழு அதிகாரத்தோடு சொன்னார்: "சேர், ஸ்டெப் பாக் பிளீஸ்."

அவர் விலகினார். தட்டின் இலக்கங்கள் ஓடி நின்றன. மாமா மறுபடி கூட்டினார். நானூற்றொன்று.

தோல் இருக்கைகளும் இரண்டாவது திரையும் கம்பளமும் பிறகு போட்டவை, அவற்றைப் பத்திரத்தில் சேர்க்க மறந்திருக்கலாம் என்றார் வைத்தியர். மறதி இருபத்தொன்பது கிலோ. தோள் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, நான் கண்ணியமானவள்.

என் கணக்கு இப்போது அறுநூற்றெட்டு. எட்டு கிலோதான் கூட. பையை ஏழு கிலோவாகக் குறைத்தால் சரியாக அறுநூறு. அட்டவணை மறுபடி சுயமாகச் சிந்திக்கத் தொடங்கியிருந்தது. தோல் இருக்கைகள் உண்மையிலேயே அழகு.

"என்ன பாக்கிறாய்?" என்றார் அம்மா.

"பையைக் குறைச்சாச் சரியா வரும்."

"என்னை எத்தினை எண்டு போட்டிருக்கிறாய்?"

"நீங்கள் சொன்னதுதான். அறுபத்திரண்டு."

அம்மா என்னையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த நாலாவது தட்டில் ஏறினார். சப்பாத்து, குளிர்ச்சட்டை, கைப்பை எல்லாவற்றோடும். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார். பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எழுது," என்றார்.

எழுபத்து நான்கு.

"அக்கா, வோஷிங் மெஷினையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார் மாமா. நான்தான் அவரிடம் சொல்லிச் சிரித்திருந்தேன்.

"நீ வாயை மூடு. உன்னை ஏத்தினாத் தட்டு உடைஞ்சு போம்."

அறுநூற்று இருபது. நீல விமானத்திடம் விடைபெற்றுக்கொண்டேன். திரும்பும் வழியில் சாப்பாட்டுப் பெட்டிகள் காலியாகும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து வாங்கியது மஞ்சள் நிறம். குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. திரை ஒன்று, சிறியது. அழகுக்கு இரண்டே புள்ளி. எஞ்சின் அதே கிரைண்டர்தான். தோள் கொடுக்க யாருமில்லாமல் நிறுத்தபோது வெற்று எடை முந்நூற்று முப்பத்தெட்டு. அம்மா துணியை விரலால் சுண்டிப் பார்த்து, "உது மழைக்கு நனையாதோ?" என்றார்.

"நனையாது. எல்லாம் சேர்த்து ஐந்நூற்று ஐம்பத்தேழுதான் அம்மா. நாப்பத்துமூண்டு கிலோ மிச்சம்."

செத்தாலும் ஏறமாட்டேன் என்றவர் இறக்கையின் கீழால் குனிந்து இரண்டாவது இருக்கையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப சாப்பாடு கொண்டு போகலாம்," என்றார்.

பை வைக்கும் இடத்தின் எல்லை பதினைந்து கிலோ என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த நாலாவது தட்டை மட்டும் மாமாவிடம் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன்.