அம்மா கண்ணில் இரண்டு புள்ளி

இப்போது அதை அனிமே என்கிறார்கள். அன்று எங்கள் வீட்டில் அதற்கு ஜப்பான் பொம்மைப்படம் என்று பெயர். சரவணம்பட்டியில் எங்கள் வீதிக்குக் கேபிள் வந்தது தொண்ணூற்றாறில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது. இது நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே தொண்ணூற்றேழு. மாதம் ஐப்பசியாகத்தான் இருக்க வேண்டும். மழைக்கு வீதியெல்லாம் சேறு, தீபாவளிச் சட்டை இன்னும் தையல்காரரிடமிருந்து வந்திருக்கவில்லை.

படத்தில் ஹிந்தி பேசினார்கள். எனக்கும் மாமாவுக்கும் ஒரு சொல்லும் புரியாது. மாமா அம்மாவின் தம்பி. பம்புசெட் பட்டறையில் வேலை, எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். எதையும் கழற்றிப் பார்க்கிற கண் அவருக்கு. "பாத்தியா அம்மணி, பேசறப்ப மூஞ்சியே ஆடறதில்ல, வாய் மட்டுந்தான். ஓடறப்ப ஆள் அங்கயேதான் இருக்கறான், வானந்தான் ஓடுது. நோகாம வேல செய்யறானுக" என்பார். சொல்லிவிட்டு, இமைக்காமல் பார்ப்பார்.

சாப்பாடு வரும்போது மட்டும் அந்த ஓவியர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கிண்ணத்து நூடுல்ஸில் ஒவ்வொரு இழையும் தனியாகப் பளபளக்கும். ஆவி சுருண்டு சுருண்டு எழும். முதல் வாய் உள்ளே போனதும் உலகமே நின்றுவிடும். கண் மட்டும் முகத்தில் பாதியாகப் பெரிதாகி, அதற்குள் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் நடுங்கும்.

நிஜத்தில் அப்படி நடக்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்பாவைக் கவனித்தேன், அவர் கண் செய்தித்தாளில் இருந்தது. மாமா ருசி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். மிச்சம் அம்மா. ஆனால் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் எழுந்தபின் ஆறிப்போனதை அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் சத்தி ரோட்டில் ஒரு பாஸ்ட் புட் வண்டி வந்திருந்தது. அப்பா வெளியூர் போன ஒரு சாயங்காலம், நான் நச்சரித்ததில் மாமா எங்களை அங்கே கிளப்பினார்.

"ரோட்டுல நின்னு திங்கறதாடா? ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நெனைக்கறவங்களும் அங்கதான் நின்னு தின்னுட்டிருப்பாங்க, வாங்க்கா."

இரும்புச் சட்டியில் தீ ஆளுயரம் எழும்பியது. முதல் தட்டு நூடுல்ஸ் எனக்கு, இரண்டாவது மாமாவுக்கு. மூன்றாவது அம்மாவின் கைக்கு வந்தது. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் கண்ணையே பார்த்தேன். அவளோ திரும்பி, பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் தட்டை நீட்டினாள்.

"நீங்க சாப்புடுங்க தம்பி, அப்ப இருந்தே நிக்கறீங்க."

அடுத்த தட்டு குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குப் போனது. அதற்கடுத்தது, வேண்டாம் வேண்டாம் என்ற ஒரு பெரியவருக்கு. "கூச்சப்படாம வாங்குங்க" என்று உபசாரம் வேறு. புதிதாக வந்த ஒருவர் நேராக அம்மாவிடமே வந்து, "அக்கா, எனக்கொரு தட்டு காளான்" என்றார். அம்மா அதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொன்னாள்.

"ஏனுங்க்கா, கடைய உங்க பேருக்கே எழுதிக் குடுத்தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

வேகவைத்த நூடுல்ஸ் இருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். அடி தெரிந்தது.

"அம்மா, தீந்துருமுங்மா!"

"எனக்கென்ன கண்ணு அவசரம்? ஊட்டுல ரசம் இருக்குது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசித் தட்டு வந்தது. அதை மாமா முந்திக்கொண்டு வாங்கி, முகத்தைச் சுளித்தபடி அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, இதுல உப்பு சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. நான் தின்னதுல எனக்கு சந்தேகமாவே இருக்குது."

கடைக்காரர் கரண்டியோடு திரும்பினார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடி சட்டியைக் கிளறத் தொடங்கினார், காலிச் சட்டியை.

உப்பு என்றதும் அம்மா நின்றாள். ஒரு வாய் எடுத்தாள். யோசித்தாள். இன்னொரு வாய். "தெரீலயே" என்றாள். மறுபடி எடுத்தாள். ஆவி அவள் முகத்தில் சுருண்டது. தலைக்கு மேல் குண்டு பல்பு ஆடிக்கொண்டிருந்தது. முகம் அசையவில்லை, வாய் மட்டுமே அசைந்தது. கண்ணுக்குள் இரண்டு புள்ளிகள் நடுங்கின. ஜப்பான்காரர்கள் பொய் சொல்லவில்லை.

தட்டு வழித்துக் காலியானபின் சொன்னாள்: "உப்பு சரியாத்தானப்பா இருக்குது."

"அப்பச் செரி" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் வரைந்தேன். முகத்தில் பாதி கண். அம்மா அதை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இதுல நான் அழுகறனா?"

"இல்லீங்மா, மொளகு."

"ஆமாங்க்கா, மொளகுதான்" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். மாமா தட்டிலிருந்து நானும் ஒரு வாய் எடுத்திருந்தேன். அதில் உப்பு கச்சிதமாக இருந்தது. இதுகூடத் தெரியாத மாமாவின் நாக்குக்கு என்ன கோளாறோ என்று பரிதாபப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.