ஊர்த் தலையெல்லாம் நிற்கிறது

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் மாஸ்டர் இடுப்பை நாற்காலியின் கைப்பிடியில் சாய்த்துக்கொள்கிறார். பிறகு கண்ணாடிக்கு மேலே சுவரில் இருக்கும் ஓர் ஆணியைப் பார்க்கிறார். முன்பு அதில் காலண்டர் தொங்கியது. இப்போது ஒன்றும் இல்லை. ஆணி அசையாமல் நின்றால்தான் வேலை தொடங்கும். சில காலைகளில் அது நிற்க நேரமாகும்.

"தலையை ஆட்டாதீங்க" என்பார் மாஸ்டர்.

"நான் ஆட்டலையே" என்பார் போர்த்திய துணிக்குள் உட்கார்ந்திருப்பவர்.

"அப்ப நான்தான் ஆட்டறேன். இருங்க, ரெண்டு பேரும் நிக்கட்டும்."

முடி வெட்டுகிற கடை என்றால் முன்னும் பின்னும் கண்ணாடி இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக நாற்காலிகள் போய்க்கொண்டே இருக்க, குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். தலைசுற்றல் வந்த பிறகு மாஸ்டருக்கு அது கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. வீட்டிலிருந்து பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து பின்கண்ணாடியை மூடிவிட்டார். "என்ன மாஸ்டர், கண்ணாடிக்குக் குளிரா?" என்று கேட்டால், "உங்க மூஞ்சியப் பாத்து அதுக்கு வெக்கம்" என்பார்.

வாயால் அவரை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது அந்தப் பேச்சிலும் ஓட்டை விழுகிறது. கதையின் நடுவில் நின்றுவிடுகிறார். சொல் வருவதில்லை. "மண்டைக்குள்ள யாரோ பவுடர் டப்பாவைக் கொட்டிட்டாங்க. கையை விட்டுத் துழாவறேன், எல்லாம் வெள்ளையா இருக்கு" என்பார். வழக்கமாக வருகிறவர்களுக்கு அவருடைய கதைகள் மனப்பாடம். மிச்சத்தை அவர்களே சொல்லி, அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்குப் பாதித் தலை வெட்டியிருந்தபோது, "உக்காருங்க சார். கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்டுவிட்டார். வாத்தியார் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கண்ணாடியில் மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "கட்டிங்தான் மாஸ்டர்" என்றார், அப்போதுதான் உள்ளே வந்தவர்போல.

பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். புண் என்றால் கட்டுப் போடலாம். இது அவர் ஒருவர் மட்டும் ஆடுகிற ஊஞ்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், பகலிலேயே ஏற்றிக்கொண்டார் என்று பேச்சு. ஒரு சொட்டும் தொடாத மனிதர். "குடிச்சிருந்தா விடிஞ்சதும் தெளிஞ்சிருக்கும். இது தெளிய மாட்டேங்குதே" என்பார்.

பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். காதிலோ நரம்பிலோ கோளாறு, பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருப்பவர்தான் பார்க்க வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் "கூப்பிடுவோம்" என்றார்கள். மழை போய் வெயிலும் வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை கூப்பிட்டு நாள் சொன்னார்கள். அப்புறம் டாக்டர் விடுப்பில் போகிறார் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகையால் சட்டைப் பையில் போன் அடித்தால் மாஸ்டர் பாதி வெட்டில் நிறுத்தி எடுத்துவிடுகிறார். ஊரையே கிண்டல் செய்கிற குரல் அப்போது மட்டும் கைகட்டி நிற்கும். "சொல்லுங்கம்மா, நான்தான் பேசறேன்." கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். அவளையும் கோபிக்காமல், "பரவாயில்லம்மா, வேணாம்" என்று வைத்துவிடுவார்.

காலையில் கடை திறந்ததும் கும்பிடுவது பழக்கம். இப்போது குனிந்தால் தரை எழுந்து வருகிறது. "குனியாம நேராப் பாத்தே பேசிக்கறேன். திமிருன்னு நெனச்சுக்க மாட்டாரு" என்கிறார். நினைக்க மாட்டார். எந்தத் தலை எதனால் நிமிர்ந்திருக்கிறது என்று படைத்தவனுக்குத் தெரியாதா.

"ஊர்த் தலையெல்லாம் என் கையில நிக்குது. என் தலை மட்டும் நிக்க மாட்டேங்குது" என்று மனைவியிடம் ஒருநாள் சொன்னார். "அது நிக்கற வரைக்கும் நீங்க உக்காருங்கன்னுதானே சொல்றேன்" என்றாள் அவள். உட்கார்ந்தால் வீடு நடக்காது என்று இருவருக்கும் தெரியும்.

சவரக்கத்தியை மட்டும் அவர் கடையில் தொடுவதில்லை. கத்தரி தவறினால் முடிதானே போகும், வளர்ந்துவிடும். ஷேவிங்குக்கு வருகிறவர்களை அடுத்த நாற்காலிக்கு, மைத்துனனிடம் அனுப்பிவிடுகிறார். "அவன் கை பூ மாதிரி" என்று சிபாரிசு வேறு. ஆள் இல்லாத நேரத்தில் மைத்துனன், "நீங்களும் ஒண்ணு ரெண்டு பண்ணுங்க மாமா. கை மறந்துடும்" என்பான்.

"கை மறக்காதுடா. தலைதான் மறக்குது."

ஒரே ஒரு முகத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணனுடைய முகம். லாரி ஓட்டிய மனிதர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்து, கட்டிலோடு கிடக்கிறார். தம்பியைத் தவிர வேறு யாரையும் முகத்தில் கைவைக்க விடுவதில்லை. கடை விடுமுறை நாளில் மாஸ்டர் போய்ச் செய்துவிட்டு வருவார். அண்ணன் முகம் வழிக்கிற வரைக்கும் கத்தி தன்னுடையது என்று அவர் மனதுக்குள் ஒரு பிடி. அதுவும் போய்விட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு என்ன, கூப்பிடாமல் என்ன.

போன வாரமும் போனார். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நின்று நுரை போட்டார்.

"இந்தப் பக்கம் பாத்துச் செய்" என்றார் அண்ணன், கோணிய வாயால். "அந்தப் பக்கம் அறுத்தாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

"பேசாம இருண்ணே. வாயை மூடினாத்தான் கத்தி ஓடும்."

"பயமாடா?"

"எனக்கென்ன பயம்? கழுத்து ஒன்னோடது."

உணர்வு இருக்கிற இடக் கன்னத்தை முதலில் எடுத்தார். பழைய கை, ஒரு கீறல் இல்லை. மோவாயும் முடிந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பியபோது கட்டில் நகர்ந்தது. மாஸ்டர் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்தபடி மறுகையால் சுவரைத் தேடினார். நின்றுவிடும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. அண்ணனின் வலக் கன்னத்தில் நுரை காய ஆரம்பித்தது.

"இதோ ஆச்சுண்ணே."

கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோனார். இரண்டு முகம் தெரிந்தது. மறுபடி தூக்கிவிட்டார்.

அண்ணன் இடக்கையை நீட்டித் தம்பியின் தோளில் கிடந்த துண்டை இழுத்தார். வலக் கன்னத்து நுரையைத் தானே அழுத்தித் துடைத்தார். பிறகு, முள்ளாய் நின்ற அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக்கொண்டு, "வழவழன்னு இருக்குடா" என்றார்.