மூக்கணாங்கயிறு விழாத வண்டி

மழை ஓய்ந்த கையோடு காரியாபட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்குச் செருப்பு எவ்வளவு பெரிய பாரம் என்று தெரியும். நாலு எட்டு வைப்பதற்குள் காலுக்கு ஒரு அம்மிக்கல் ஏறிவிடும். "மாமியா வீட்டு விருந்தும் கரிசக்காட்டுச் சேறும் வந்த ஆளை லேசுல விடாது" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கும் என் சகலைக்கும் மாமியார் வீடு அங்கேதான். இரண்டிலும் மாட்டிக் கரையேறியவர்கள் நாங்கள்.

சகலை, என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் மனைவி, அதாவது என் மதினியும் அதே கம்பெனியில்தான், பேக்கிங்கில். நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் பேப்பர் வெட்டுகிறவன். தீபாவளி நெருங்கிவிட்டால் முந்தின நாள் வரை அவரைப் பிடித்து நாலு வார்த்தை பேச முடியாது. தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்குக் கொஞ்ச நாள் லீவு விழும். அப்போதுதான் சகலை சகலையாக இருப்பார்.

அப்படி ஒரு லீவில், மழை நாளில் நனையாமல் மாமியார் வீடு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கம்பம் பக்கத்திலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மலைத் தோட்டத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்து ஓய்ந்த வண்டி. நாலு வீலுக்கும் இழுவை உண்டு என்பதுதான் அதற்கிருந்த ஒரே பெருமை. கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்கும். கண்ணாடியை ஏற்றினால் கதவு திறக்கும்.

அந்த வாரமே இரண்டு குடும்பமும் அதில் ஏறி மாமியார் ஊருக்குக் கிளம்பினோம். ஊருக்குள் நுழைகிற கண்மாய்க்கரைப் பாதையில் வண்டி புதைந்தது. நாலு வீலும் சுற்றின, வண்டி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எங்கள் மைத்துனர், அதாவது மதினியின் அண்ணன், டிராக்டரோடு வந்தார். முன் பம்பரில் கயிற்றைக் கட்டினார். ஊர் மடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"மாப்ள, இதுக்குப் பேசாம ஒரு மூக்கணாங்கயிறு போட்டுவிட்ருங்க. வருசா வருசம் வந்து நானே ஓட்டிட்டுப் போறேன்."

ஊரே சிரித்தது. டிராக்டர் முன்னால் போக, மதினி பலகாரத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பொறந்த ஊர்த் தெருவில் கயிறு கட்டி இழுக்கப்பட்ட வண்டிக்குள் உட்கார்ந்து வந்தார். சாயங்காலம் ஊர் திரும்பக் கிளம்பும்போது சகலையிடம் சொன்னார்.

"இன்னொரு தடவை இதுமேல கயிறு விழுந்துச்சுன்னா, மறுநா காலைல இது இரும்புக்கடையில இருக்கணும். எங்கண்ணன் முன்னால சொல்றேன், எம்பிள்ளைக முன்னால சொல்றேன், இந்தா தம்பி முன்னாலயும் சொல்றேன்."

தம்பி என்றது என்னை. மதினி சொன்னால் சொன்னதுதான். "அவ வாக்கு வெட்டின பேப்பரு, ஒட்டாது" என்று என் மனைவி என் தொழிலை வைத்தே சொல்வாள்.

சகலை வண்டியை விற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதைக் கழற்ற ஆரம்பித்தார். லீவு முடிந்து வேலை தொடங்கிய பிறகும் வருசம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டுப் பின்னால் உள்ள காலியிடத்தில்தான் நாங்கள் இருவரும் கிடந்தோம். அவர் வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும். ஒரு சாமானைத் தரையில் இழுக்க விடமாட்டார். கியர்பாக்ஸை இறக்கினபோது கனம் தாங்காமல் நான் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

"இழுக்காதீக சகலை, தூக்குங்க, தூக்குங்க!"

"ஏன், கியர்பாக்ஸ் வெடிச்சிருமோ?"

"அது வெடிக்காது. ஆனா இங்கன இழுத்துப் பழகின கை நாளைக்கு அங்கன போயி இழுக்கும்லா?"

பட்டாசுக் கம்பெனியில் வாளியைக்கூடத் தரையில் உரச விடமாட்டார்கள். உரசினால் பொறி, பொறி பறந்தால் உயிர். அந்தப் பழக்கத்தை அவர் வாசலோடு கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் இல்லை. வெல்டிங் பற்றவைக்கும் முன்னால் மண் ஒரு வாளி, தண்ணீர் ஒரு வாளி, அக்கம்பக்கத்தில் ஒரு காகிதத்துண்டு கிடக்கக்கூடாது. எங்கள் வேலையை வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சுவர் தாண்டி நிற்க வைத்துவிடுவார்.

வண்டியை அவர் யோசித்த விதம் அதைவிட அழகு. போனில் பார்க்கிற சேற்று வண்டிகளுக்கெல்லாம் டயர் அகலமாக இருக்கும். நானும் அதையே சொன்னேன். அவர் மைத்துனரின் டிராக்டர் கரிசலில் போகிறதை நினைவில் வைத்திருந்தார்.

"அகல டயரு சேத்து மேல மெதக்கும், கரிசல் அதை அப்படியே அப்பிப் பிடிச்சுக்கிரும். ஒல்லி டயரா, பட்டன் பெருசா இருந்தா அறுத்துட்டு உள்ள போயி கெட்டித் தரையைத் தொடும்."

அப்படியே ஒல்லியான, கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் போட்டார். வில் பட்டைகளை மாற்றி வண்டியை ஒரு சாண் உயர்த்தினார். மட்கார்டின் ஓரத்தைப் பெரிய வட்டமாக வெட்டி எடுத்தார், அப்பிய சேறு தானே விழட்டும் என்று. "சேறு வர்றதைத் தடுக்க முடியாது சகலை, வந்தது போறதுக்கு வழி விடணும்" என்றார். இஞ்சினுக்குக் காற்று இழுக்கிற குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார். துருப்பிடித்த அடிச்சட்டத்தில் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவித் தடவிப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

கடைசியில் சைலன்சர் முனையில் பொறி தடுக்கும் வலைமூடி ஒன்றை மாட்டினார். பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் வருகிற எந்த வண்டிக்கும் அது கட்டாயம். புகையோடு பொறி வெளியே வராமல் அந்த வலை பிடித்துக்கொள்ளும்.

"சேத்துல என்ன பொறி பறக்கப்போகுது சகலை?"

"வண்டின்னா அது இருக்கணும். அரைஞாண்கயிறு இல்லாத ஆம்பளை உண்டா?"

நான் போல்ட்டை எடுத்து நீட்டினேன்.

அடுத்த தீபாவளி போனது, கார்த்திகை மழை கொட்டியது. மாமியார் ஊர் இளவட்டங்கள் கண்மாய் ஓரத்தில் குழி வெட்டிச் சேற்று வண்டிப் போட்டி வைத்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டும். முடியாதவர் கையைத் தூக்கினால் டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துவிடும். அந்த டிராக்டர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மைத்துனர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, புது வேட்டியோடு, டிராக்டர் மேல் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா? கயிறு புதுசுதான், உங்களுக்குன்னே வாங்கினேன்."

"சாப்பிட்டேன் மச்சான். கயித்தை மாட்டுக்குக் கட்டுங்க" என்றார் சகலை.

மதினி கரையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

வெளியூர் ஜீப்புகள் இரண்டு எங்களுக்கு முன்னால் இறங்கின. அகல டயர்கள். நடுக்குழி வருவதற்குள் டயர் எது சேறு எது என்று தெரியாமல் உருண்டையாகி நின்றுவிட்டன. மைத்துனர் இழுத்துப் போட்டார். பிறகு சகலை இறங்கினார். நான் அவர் பக்கத்தில். சின்ன கியரில் போட்டு, அவசரமே இல்லாமல், உழுகிற மாதிரி போனார். டயர் அறுத்துக்கொண்டு போகிறது எனக்குக் காலடியில் தெரிந்தது. பட்டனில் ஒட்டிய சேறு வெட்டிய மட்கார்டு வழியாகக் கட்டி கட்டியாக விழுந்தது. நடுக்குழி தாண்டினோம். கரையில் விசில் பறந்தது.

அப்போது வண்டியின் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. இஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் பிடித்தது, இருமியது, செத்தது. மறுபடியும் அதேதான். சகலைக்கு வேர்த்துவிட்டது. டீசல் வருகிறது, காற்று வருகிறது, பின்னே என்ன?

"கையைத் தூக்குங்க மாப்ள, கூச்சப்படாதீக! நம்ம வண்டிதான!" டிராக்டர் உறுமியது. மைத்துனர் கயிற்றை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

சகலை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வருச ஞாயிற்றுக்கிழமைகள் அவர் மடியில் கிடந்தன. கை மெல்ல மேலே வந்தது. ஏமாற்ற அவருக்குத் தெரியாது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லிவிடுகிற ஆள்.

"கையை இறக்குங்க!"

மதினியின் குரல். சேற்றில் முழங்கால் வரை இறங்கியிருந்தார்.

"வண்டி மூச்சு முட்டுது, கேக்கலையா? அன்னைக்கு நம்ம கேட்டுல லோடு வண்டி இருமிச்சே, அதே இருமல். பின்னாடி மூடியப் பாருங்க!"

சகலை குதித்துப் பின்னால் போனார். நானும் போனேன். வலைமூடி முழுக்கக் கரிசல் அப்பி, களிமண் அடைத்த பானை வாய் மாதிரி இருந்தது. விரலால் நோண்டினால் வரவில்லை, வலைக்குள் இறுகியிருந்தது. சேறு போவதற்கு வழி விட்ட மனிதர் புகை போவதற்கு விட மறந்திருந்தார். மூடியைக் கழற்ற ஒரே ஒரு போல்ட்தான். ஸ்பேனரை வைத்தார். வைத்த கை திரும்பவில்லை.

"என்ன சகலை?"

"கழட்டிட்டு வண்டிய எடுத்ததே இல்ல" என்றார். சின்னக் குரலில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மூடி இல்லாத வண்டியைக் கேட்டில் திருப்பி அனுப்பிய கை அது.

சேற்றில் நின்றபடியே மதினி கத்தினார். "இங்கன எங்க இருக்கு வெடிமருந்து? சேறுதான கெடக்கு! கழட்டித் தொலைங்க, போர்மேன்!"

வீட்டில் அவரை மதினி அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கம்பெனியில் பெண்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். கூட்டம் சிரித்தது, சகலையும் சிரித்துவிட்டார். துண்டைச் சுற்றிச் சுடுமூடியைத் திருகி எடுத்தார். தூக்கி எறியவில்லை, துண்டோடு சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

சாவியைத் திருப்பியதும் வண்டி கரும்புகையைத் துப்பிவிட்டுக் கத்தியது. நான் பின்னால் நின்று தள்ளினேன், தள்ளியதில் என் பங்கு சட்டை முழுக்கச் சேறுதான். நாலு வீலும் ஒன்றாகப் பிடித்தன. பள்ளத்திலிருந்து எழுந்து, கரையேறி, மைத்துனரின் டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

பரிசு கிடைக்கவில்லை. நடுவில் இறங்கியதால் எங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று இளவட்டங்கள் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் மைத்துனர் விடவில்லை.

"தங்கச்சி, நீ சொல்லித்தான வண்டி வந்துச்சு? அப்ப தோத்த மாதிரிதான். நாளைக்கு இரும்புக்கடை."

"கயிறு விழுந்துச்சாண்ணே?"

"விழல, ஆனா..."

"விழலைல. ஆனா என்ன ஆனா? கயித்தைச் சுருட்டு."

திரும்பும்போது மதினி முன்சீட்டில் ஏறிக்கொண்டார், நான் பின்னால் உட்கார்ந்தேன். கேபின் கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. இனி சைலன்சரை டிராக்டருக்கு இருக்கிற மாதிரி மேலே ஏற்றி, அந்த உச்சியில் மூடியை மாட்டப்போவதாகச் சகலை சொல்லிக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் ஏற்றலாம், வலதா இடதா என்று அவர் யோசித்தபோது மதினி குறுக்கிட்டார்.

"உங்க பக்கம் வைங்க. இந்தப் பக்கம் நான்ல உக்காருவேன், புகை எம்மேல அடிக்கவா?"

சாத்தூர் ரோடு வரும் வரை சகலை வண்டியைப் பதமாக, மேடு பள்ளம் பார்த்து ஓட்டினார்.